தொண்ணூற்றிரண்டு மார்க் கோட்டு

அக்கா பின்னோக்கி நடந்து வந்து என் கட்டிங் மேசையில் மோதியபோது காலை மணி ஒன்பது இருபது.

மேசை ஆடியது. கத்தரிக்கோல் கீழே விழுந்தது. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தால் பலன் போய்விடுமாம்.

"முப்பத்தொன்னு," என்றாள். "இன்னும் ஒன்பது அடி இருக்கு. நகரு."

நகர்ந்தேன். வேறென்ன செய்வது? நாற்பது அடி பின்னோக்கி நடந்தால் ரத்தமும் பின்னோக்கி ஓடி, பிரஷர் தானாக இறங்கும், மாத்திரையே வேண்டாம் என்ற வீடியோவை அவளுக்கு அனுப்பி வைத்த புத்திசாலி நான்தான்.

நான் தையல்காரன். இருபத்திரண்டு வருடமாக டாக்டர்களுக்கு வெள்ளைக் கோட்டு தைக்கிறேன். அக்காவும் நானும் சேர்ந்து நடத்தும் கடை. வெட்டுவதும் தைப்பதும் நான். பட்டன் நுழையும் ஓட்டையைச் சுற்றி நூல் கட்டும் வேலை அக்காவுடையது. எங்கள் தொழிலில் அதற்குக் காஜா என்று பெயர். மெஷினில் போடலாம். அக்கா கையால்தான் போடுவாள். கேட்டால், "மெஷின் காஜா மூணு சலவைக்கு. என் காஜா, கோட்டு கிழிஞ்ச பிறகும் இருக்கும்" என்பாள்.

ஆக, வெள்ளைக் கோட்டுக்குள் என்ன இருக்கிறது என்று இந்த ஊரில் என்னைவிடத் தெரிந்தவன் கிடையாது. இரண்டேகால் மீட்டர் துணி, ஐந்து பட்டன், மூன்று பை. அவ்வளவுதான். யார் போட்டாலும் பொருந்தும். இது தெரிந்த நான்தான் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் வீடியோவில் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு குடும்பக் குழுவில் தள்ளிவிட்டேன்.

குடும்பக் குழுவில் எனக்குக் 'கம்பவுண்டர்' என்று பெயர். மரியாதையாக வைத்த பெயர் என்று இரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா அந்த வீடியோவைச் சரியாகப் பார்க்கவில்லை, கேட்டாள். கை காஜாவில், காது போனில். மறுநாளே மாத்திரை அட்டையை அலமாரியில் தூக்கிப் போட்டுவிட்டாள். முதல் இரண்டு நாள் நானே கூட நின்று அடி எண்ணினேன். ஐந்தாம் நாள் தலைவலி என்றாள். எட்டாம் நாள் ஒரு பட்டன் இரண்டாகத் தெரிகிறது என்றாள். ஒன்பதாம் நாள் அவள் போட்ட காஜா கோணலாக இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அக்கா கோணல் காஜா போட்டு நான் பார்த்ததில்லை.

தெருமுனை கிளினிக்குக்கு ஓடினேன். அங்கிருந்த டாக்டர், "உடனே கூட்டிட்டு வாங்க. இன்னைக்கே" என்றார். அக்கா வரவில்லை.

"அவர் என்ன சொல்லுவார்? மாத்திரை போடுன்னு சொல்லுவார். அதுக்கு எதுக்கு நான் அங்க வரைக்கும் வரணும்?"

"அக்கா, அந்த வீடியோ பொய்."

"அனுப்பினது யாரு?"

"நான்தான்."

"அப்ப நீ சொன்னது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா?"

கையில் இருந்த துணியை மடித்தேன்.

"இங்க பாரு," என்று போனை நீட்டினாள். வீடியோவின் மூலையில் ஒரு பச்சை முத்திரை மின்னியது. 'இணைய மருத்துவ அறிவுரை நம்பகத்தன்மை மதிப்பீட்டு நிலையம்.' "பெரிய ஆபீஸ் முத்திரை போட்டிருக்கு. இதைப் பொய்னு அவங்களே எழுதிக் கொடுக்கட்டும். அன்னைக்கே மாத்திரை போடறேன். உன் பேச்சைக் கேட்டு இனிமே நான் எதையும் ஆரம்பிக்கிறதும் இல்ல, நிறுத்தறதும் இல்ல."

நியாயம்தான். பதினோராம் நாள் காலை, மேசையில் அவள் மோதிய கையோடு கடையைப் பக்கத்து இஸ்திரிக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினேன். ஒரு வரி எழுதி வாங்க வேண்டும். பொய் என்று ஒரே ஒரு வரி. பத்து நிமிட வேலை என்று நினைத்தேன்.

*

நான்கு மாடிக் கட்டடம். வாசலில் ஆளுயரப் பலகை: 'நம்புவதற்கு முன் எங்களை நம்புங்கள்.'

வரவேற்பு கவுண்டரில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். முகத்தில் நிஜமான கனிவு. அதுதான் பயமாக இருந்தது.

"ஒரு வீடியோ பொய்னு எழுதிக் கொடுக்கணும் மேடம்."

"பேஷா கொடுக்கலாம் தம்பி. மார்க் என்னன்னு பார்ப்போம்." வீடியோவின் எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டினார். முகம் மலர்ந்தது. "அட, தொண்ணூத்திரண்டு! இந்த வருஷத்துலயே இதுதான் அதிகம்."

"எதுக்கு மேடம் மார்க்?"

அவர் ஒரு அட்டவணையைக் கண்ணாடிப் பலகைக்கு அடியில் இருந்து எடுத்துக் காட்டினார். வெள்ளைக் கோட்டு இருபது. கழுத்தில் ஸ்டெதஸ்கோப் பதினைந்து. பின்னால் எலும்புக்கூடு படம் பத்து. சதவீதம் சொன்னால் பதினைந்து, அதில் புள்ளி வைத்துச் சொன்னால் இன்னும் ஐந்து. 'ஆராய்ச்சியில் கண்டுபிடித்திருக்கிறார்கள்' என்றால் பதினைந்து. சாந்தமான குரலுக்கு இருபது.

"இவர் எண்பத்தேழு புள்ளி நாலு சதவீதம்னு சொல்லியிருக்கார் பாருங்க. அந்தப் புள்ளிக்காகவே அஞ்சு மார்க். குரல்ல மட்டும் எட்டு குறைஞ்சிருக்கு. நடுவுல ஒரு இருமல்."

"அவர் சொல்றது உண்மையான்னு எந்தக் கட்டத்துல பார்ப்பீங்க?"

"உள்ளடக்கமா? அது மூணாம் மாடி தம்பி."

மூன்றாம் மாடிக்குப் போனேன். 'உள்ளடக்கப் பிரிவு' என்று பலகை. பூட்டு. பூட்டின்மேல் ஒரு சீட்டு: 'மருத்துவர் பணியிடம் காலி. தகுதியுள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம்.' சீட்டு ஓரமெல்லாம் பழுத்திருந்தது. இறங்கி வந்தேன்.

"பூட்டியிருக்கா?" என்றார் அந்த அம்மா, மழை பெய்கிறதா என்று கேட்பதுபோல.

"நாலு மாடி ஆபீஸ்ல ஒரு டாக்டர்கூட இல்லையா மேடம்?"

"டாக்டர் இருந்தா ஒருபக்கச் சார்பு வந்துடும்னு ஒரு கருத்து இருக்கு. சரி, நீங்க புகார் கொடுக்கலாம். ஆனா முதல்ல உங்களை மதிப்பிடணும்."

"என்னையா?"

"புகார் சொல்றவர் நம்பத் தகுந்தவரான்னு பார்க்க வேண்டாமா? போனைக் கொடுங்க."

கொடுத்தேன். என் வாழ்க்கையில் செய்த தவறுகளில் இதை நான்காவதாக வைப்பேன்.

அவர் நான் இதுவரை குடும்பக் குழுவுக்கு அனுப்பியவற்றை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். வரிசையில் நின்றவர்கள் நகர்ந்து நெருங்கி வந்தார்கள்.

"இடது காதுல போன் வெச்சா இதயத்துக்கு நல்லது. நீங்க அனுப்பினது. வலது காதுல வெச்சா இதயத்துக்கு நல்லது. அதுவும் நீங்க அனுப்பினதுதான். ரெண்டுக்கும் நடுவுல நாலு நாள்."

"அப்டேட் ஆகியிருக்கும்னு நினைச்சேன் மேடம்."

"கண்ணாடி இல்லாம படிச்சா கண்ணாடி தேவைப்படாது."

"அது கொஞ்சம் உண்மை மாதிரி இருந்துச்சு."

"ராத்திரி காலுறைக்குள்ள வெங்காயத் துண்டு வெச்சுப் படுத்தா உடம்புல இருக்கற விஷமெல்லாம் வெங்காயத்துல இறங்கும்." அவர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "இதுக்குக் கீழ 'நான் பயன்படுத்திப் பலன் பெற்றேன்'னு எழுதியிருக்கீங்க."

எழுதியிருந்தேன். மூன்று நாள் வெங்காயத்தோடு படுத்தேன். மூன்றாம் நாள் வீட்டில் என்னைத் தவிர எல்லோரும் மொட்டை மாடிக்குப் போய்விட்டார்கள். அந்த அமைதியான தூக்கத்தைத்தான் பலன் என்று எழுதினேன். வரிசையில் ஒருவர் என் காலைக் குனிந்து பார்த்தார்.

"மொத்தம் இருநூத்திப் பதினாலு. உங்க மார்க் ஏழு."

"எதுக்கு ஏழு?"

"குரல் சாந்தமா இருக்கு. இருபதுக்கு ஏழு. மத்ததெல்லாம் பூஜ்யம்."

"மேடம், எங்க அக்கா பதினோரு நாளா பிரஷர் மாத்திரை போடலை. கண்ணு ரெட்டையா தெரியுதுங்கறா."

அந்த அம்மாவின் முகம் மாறியது. உண்மையாகவே மாறியது. "ஐயையோ, முதல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க தம்பி!"

"வரமாட்டேங்கறா. நீங்க இப்ப சொன்னீங்களே, அதையே ஒரு தாள்ல எழுதிக் கொடுங்க."

"நான் சொன்னதையா?" அவர் பதறிப்போனார். "அது என் சொந்தக் கருத்து. அதுக்கு மார்க் போட்டா பூஜ்யம் கூட வராது. நான் கோட்டே போடலையே!"

பிறகு குரலைத் தாழ்த்தினார். "விதி என்னன்னா, தொண்ணூத்திரண்டு மார்க் வீடியோவை எதிர்க்கணும்னா உங்களுக்குக் குறைஞ்சது அதுல பாதி வேணும். நாப்பத்தாறு. அக்கான்னு சொல்றீங்க. நான் உங்களை அம்பத்திரண்டு வரைக்கும் தூக்கி விடறேன், வாங்க."

எனக்குப் புரியவில்லை. ஆனால் போனேன். ஏழு மார்க் ஆசாமிகள் கேள்வி கேட்கக் கூடாது.

*

உள்ளறையில் ஒரு இரும்பு அலமாரி. பக்கத்தில் எலும்புக்கூடு படம் சுவரில் மாட்டியிருந்தது. எதிரே பெரிய திரை. திரையில் நான் அனுப்பிய அந்த வீடியோ, டாக்டர் வாயைத் திறந்தபடி நிற்க, நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

"இந்தப் படத்துக்கு முன்னால நின்னா பத்து," என்றார் அந்த அம்மா. "ஸ்டெதஸ்கோப் பதினஞ்சு, இந்தாங்க. கோட்டு இருபது."

"மேடம், நான் கோட்டு தைக்கறவன்."

"தைக்கறதுக்கு மார்க் இல்ல தம்பி. போட்டாத்தான்."

அலமாரியைத் திறந்து ஒரு வெள்ளைக் கோட்டை எடுத்துக் கொடுத்தார். போட்டுக்கொண்டேன். பட்டன் போடக் கை போனது.

கை தவறியது.

மறுபடி போனது. மறுபடியும் தவறியது. காஜா இருக்க வேண்டிய இடத்தில் பட்டன் இருந்தது. பட்டன் இருக்க வேண்டிய இடத்தில் காஜா இருந்தது. ஆண்கள் கோட்டு, ஆனால் பெண்கள் பக்கம் மூடியது. மார்புப் பை இடது பக்கத்துக்குப் பதில் வலது பக்கம் இருந்தது.



மூன்று வருடத்துக்கு முன் ஒரு பெரிய ஆஸ்பத்திரி அறுபது ஆண்கள் கோட்டு கேட்டது. ஒரே அடுக்காகத் துணியைப் போட்டு, முன்பக்கத்துக்கான பேப்பர் பேட்டர்னை அதன்மேல் வைத்து வெட்டினேன். வைத்த பேட்டர்ன் குப்புறக் கிடந்ததை நான் பார்க்கவில்லை. அறுபதும் இடம் வலம் மாறிப் போயின. "டேய், பட்டன் பக்கம் மாறியிருக்குடா" என்று அக்கா முதல் கோட்டிலேயே சொன்னாள். "இப்ப இதுதான் புது ஃபேஷன்" என்று நான் அடித்துச் சொன்னேன். அதுவும் எங்கேயோ ஒரு வீடியோவில் பார்த்ததுதான். அவள் முந்நூறு காஜா போட்டு முடித்தாள். ஆஸ்பத்திரி அறுபதையும் திருப்பி அனுப்பியது. ஒரு மொத்த வியாபாரி வந்து மூட்டையாக அள்ளிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அந்த அறுபதும் எங்கே போயின என்று எனக்குத் தெரியாது.

இப்போது தெரிந்தது.

நிமிர்ந்து திரையைப் பார்த்தேன். டாக்டர் வாயைத் திறந்தபடி நின்றார். மார்புப் பை வலது பக்கம். பட்டன் மாறிய பக்கம்.

"மேடம்! அந்த ஆள் போட்டிருக்கறது நான் கெடுத்த கோட்டு!"

அந்த அம்மா திரையைப் பார்த்தார். "செல்ஃபியில எடுத்தா இடம் வலம் மாறித் தெரியும் தம்பி. எங்க பயிற்சியில சொல்லியிருக்காங்க."

ஒரு நொடி ஆடிப்போனேன். பிறகு டாக்டருக்குப் பின்னால் பார்த்தேன். எலும்புக்கூடு படம். அதில் 'விலா எலும்பு' என்ற எழுத்து நேராக இருந்தது. இடம் வலம் மாறியிருந்தால் எழுத்தும் மாறியிருக்கும்.

இன்னும் ஒன்றையும் பார்த்தேன். அந்தப் படத்தின் மேல் மூலை கிழிந்து, நீல நிற டேப் ஒட்டியிருந்தது.

மெல்லத் திரும்பி, எனக்குப் பின்னால் இருந்த எலும்புக்கூடு படத்தைப் பார்த்தேன்.

மேல் மூலையில் நீல நிற டேப்.

அப்போது கதவு திறந்தது. ஜீப் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார்.

"மேடம், ட்ரிப் ஷீட்ல ஒரு கையெழுத்து."

அதே முகம். அதே மீசை. அதே இருமல்.

நான் கையைக் கூப்பிவிட்டேன். உண்மையெல்லாம் தெரிந்த பிறகும், என்னை அறியாமல், இரண்டு கையையும் கூப்பிவிட்டேன்.

"வணக்கம் டாக்டர்."

அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. பிறகு கோட்டும் ஸ்டெதஸ்கோப்புமாக நின்ற என்னை மேலும் கீழும் பார்த்து, "வணக்கம் டாக்டர்," என்றார்.

*

நிலையத் தலைவர் அறையில் நாற்காலி பெரியது. தலைவர் அதைவிடப் பெரியவர். அவரும் கோட்டு போட்டிருந்தார். பட்டன் பக்கம் மாறி மாறித் தடவிப் பார்த்துவிட்டு, திறந்தபடியே விட்டிருந்தார். அறுபதில் இன்னொன்று.

"மிக நல்ல கேள்வி," என்றார், நான் எதுவும் கேட்பதற்கு முன்பே. "அந்தக் காணொளி எங்கள் தயாரிப்பு. மக்கள் எதை நம்பக் கூடாது என்பதற்கு ஒரு மாதிரி வேண்டும் அல்லவா? வெளியில் தேடினோம். எதிலும் தரம் இல்லை. ஆகவே நாமே ஒன்று செய்தோம்."

"பொய்யையா சார்?"

"தரமான பொய்யை. எண்பத்தேழு புள்ளி நான்கு என்பது என் யோசனை. அந்தப் புள்ளி நான்குக்காக ஒரு குழு இரண்டு மாதம் உட்கார்ந்தது."

"இதைப் பொய்னு வீடியோவுல எங்கயுமே சொல்லலையே சார்."

"சொல்லியிருக்கிறோம்! கடைசியில் நம் ஓட்டுநர் கோட்டைக் கழற்றிவிட்டு, 'நான் மருத்துவர் அல்ல, நான் சொன்னது எதையும் நம்பாதீர்கள்' என்பார். மிக உருக்கமான காட்சி. ஆனால் காணொளி மூன்று நிமிடம் பதினோரு விநாடி வந்துவிட்டது. விதிப்படி மூன்று நிமிடம்தான். பதினோரு விநாடியை வெட்ட வேண்டியதாயிற்று."

"எதை வெட்டினீங்க?"

"அந்தக் கடைசியைத்தான். முதல் ஐம்பது விநாடி என் வரவேற்புரை. அதை எப்படி வெட்டுவது?"

நான் போனை எடுத்து வீடியோவை முதலில் இருந்து ஓட்டினேன். ஆமாம். முதல் ஐம்பது விநாடியும் தலைவர்தான் பேசினார். இத்தனை நாளில் நானோ அக்காவோ குழுவில் இருந்த நாற்பத்தெட்டுப் பேரோ அந்த ஐம்பது விநாடியைப் பார்த்ததில்லை. எல்லோரும் தள்ளிவிட்டுத்தான் பார்த்தோம்.

"வரவேற்புரையிலயாவது பொய்னு சொல்லியிருக்கலாமே சார்?"

"வரவேற்புரையில் நிலையத்தின் வளர்ச்சியைப் பற்றிப் பேசுவதுதான் முறை."

"அதுக்கு நம்பலாம்னு பச்சை முத்திரை வேற போட்டிருக்கீங்களே?"

"நம் நிலையம் தயாரித்த ஒன்றுக்கு நம் முத்திரை இல்லாமல் வேறு எந்த முத்திரை போடுவது? மேலும் மதிப்பீட்டுப் பிரிவுக்கு அது யார் தயாரித்தது என்று தெரியாது. அவர்கள் பாரபட்சம் இல்லாமல் மார்க் போட்டார்கள். தொண்ணூற்றிரண்டு! ஒரு நேர்மையான அமைப்பில்தான் இது நடக்கும்."

சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது. எனக்கும் அழுகை வந்தது. காரணம் வேறு.

"சார், எனக்கு ஒரே ஒரு வரி. இது பொய்னு எழுதி, முத்திரை குத்திக் கொடுங்க. எங்க அக்கா மாத்திரை போட்டுக்குவா."

தலைவர் நாற்காலியில் சாய்ந்தார்.

"யோசித்துப் பாருங்கள். அந்தக் காணொளியில் இருப்பது எங்கள் முத்திரை. அது பொய் என்று எழுதினால் எங்கள் முத்திரை பொய் என்று ஆகும். நான் உங்களுக்குக் கொடுக்கும் தாளிலும் அதே முத்திரைதான் இருக்கும். அந்தத் தாளை உங்கள் அக்கா எப்படி நம்புவார்? உங்கள் நன்மைக்காகத்தான் மறுக்கிறேன்."

இதில் எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆகியிருக்கும். ஆனால் அதற்குள் போன் அடித்தது.

இஸ்திரிக்காரர்.

"அண்ணே, அக்கா கீழ விழுந்துட்டாங்க. பின்னாடியே நடந்து போனாங்க, படி இருக்கறதைக் கவனிக்கலை. பேசறாங்க. ஆனா தலை சுத்துதுங்கறாங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னா வரமாட்டேங்கறாங்க. முப்பத்தாறு ஆயிடுச்சாம். நாலு அடிதான் பாக்கியாம்."

கோட்டைக் கழற்றக்கூட மறந்து வெளியே ஓடினேன். வாசலில் ஜீப்பில் சாய்ந்து டிரைவர் நின்றிருந்தார். இரண்டு வரியில் விஷயத்தைச் சொன்னேன். அவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"நிஜமாவே மாத்திரையை நிறுத்திட்டாங்களா? நான் சொன்னதைக் கேட்டா?"

"ஆமா."

"ஏறுங்க," என்றார். கையெழுத்துக்காகக் கொண்டுவந்த ட்ரிப் ஷீட் கீழே பறந்தது. அவர் எடுக்கவில்லை.

*

அக்கா படியில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் ஈரத்துணி. ஜீப்பில் இருந்து இறங்கிய முகத்தைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். சட்டென்று எழுந்திருக்க முயன்றாள்.

"டாக்டரையே கூட்டிட்டு வந்துட்டியாடா!"

"நான் டாக்டர் இல்லீங்க. டிரைவர்," என்றார் அவர்.

"எவ்வளவு அடக்கமா பேசறார் பாரு," என்றாள் அக்கா என்னிடம்.

"சத்தியமா டிரைவர்மா. அன்னைக்கு ஆபீஸ்ல இருந்தவங்கள்ல எனக்குத்தான் கோட்டு சரியா இருந்துச்சு. எழுதிக் கொடுத்தாங்க, படிச்சேன். எனக்கே பிரஷர் இருக்கு. இந்தா பாருங்க." சட்டைப் பையில் இருந்து பாதி தீர்ந்த மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். "அந்த வீடியோ எடுத்த அன்னைக்கு காலையிலகூட போட்டுட்டுத்தான் போனேன்."

அக்கா யோசித்தாள். "பெரிய டாக்டருங்களுக்கும் பிரஷர் வரும்," என்றாள்.

டிரைவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நான் அவளுக்கு எதிரே மண்டியிட்டேன். சொல்வதற்கு எதுவும் மிச்சமில்லை. என் பேச்சுக்கு ஏழு மார்க். இரண்டு கையையும் விரித்தேன்.

"அக்கா, நான் போட்டிருக்கற கோட்டைப் பாரு. இதே மாதிரி கோட்டுதான் அந்த வீடியோவுல இவர் போட்டிருந்தது. இது அந்த ஆபீஸ் கோட்டு."

"பார்க்கறதுக்கு எதுவும் சரியா தெரியலைடா. எல்லாம் ரெண்டா இருக்கு."

"பார்க்காத. தொடு."

அவள் கையை எடுத்து முதல் காஜாவின்மேல் வைத்தேன்.

கட்டைவிரல் ஓட்டையைச் சுற்றி ஒரு தடவை போனது. கீழ் முனைக்கு வந்ததும் நின்றது. அக்கா ஒவ்வொரு காஜாவையும் முடிக்கும்போது நூலை உள்பக்கமாகத் திருப்பி இரண்டு முடிச்சு போடுவாள். வேறு யாரும் போடமாட்டார்கள். ஒரு முடிச்சே போதும். விரல் அந்த இரண்டு முடிச்சையும் நெருடியது. இரண்டாவது காஜாவுக்குப் போனது. மூன்றாவது.

"இது என் காஜாடா."

"ம்."

"வலது பக்கம் இருக்கு."

"ம்."

"அந்த அறுபதா?"

"அந்த அறுபதுதான்க்கா."

அக்காவின் கை என் கோட்டை விடவில்லை.

"அப்ப நான் போட்ட காஜாவை நம்பித்தான் நான் மாத்திரையை நிறுத்தினேனா?"

"நான் வெட்டின கோட்டை நம்பித்தான் நான் உனக்கு அனுப்பினேன்."

"பட்டன் பக்கம் மாறியிருக்குன்னு அப்பவே சொன்னேன்," என்றாள். "கேட்டியா?"

பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஜீப்புக்கு ஏழெட்டு அடி. நேராக, முன்னோக்கி நடந்தாள்.

*

தெருமுனை கிளினிக் டாக்டர் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தார். கோட்டு இல்லை. எலும்புக்கூடு படம் இல்லை. சதவீதம் எதுவும் சொல்லவில்லை. குரல்கூடச் சாந்தமாக இல்லை, கத்தினார். அட்டவணைப்படி ஸ்டெதஸ்கோப்புக்கு மட்டும் பதினைந்து மார்க் கிடைத்திருக்கும்.

"நூத்தித் தொண்ணூறுக்கு நூத்திப் பத்து! பதினோரு நாளா? மாத்திரையை நீங்களா நிறுத்தக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது? பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. விழுந்திருக்கீங்க, தலையையும் பார்த்துடணும்."

இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். பிரஷர் மெல்ல இறங்கியது. ஸ்கேன் எடுத்தார்கள். "தலைக்குள்ள ஒண்ணும் இல்லை," என்று அங்கிருந்த டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"என் தலையை விடுங்க டாக்டர்," என்றாள் அக்கா என்னைக் காட்டி. "இவன் தலையை எடுத்துப் பாருங்க. அங்கயும் ஒண்ணும் இருக்காது."

டிரைவர் இரண்டு நாளும் வந்து பார்த்தார். அனுமதி இல்லாமல் ஜீப் எடுத்ததற்காக அவரிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்களாம். பொய் வீடியோவில் நடித்ததற்காக இல்லை.

அக்கா கடைக்குத் திரும்பி ஒரு மாதம் ஆனபோது நிலையத்தில் இருந்து தடித்த உறை ஒன்று வந்தது. நான்கு பக்கக் கடிதம், பளபளவென்று கெட்டித் தாள். முதல் பக்கத்தைப் படித்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த வீடியோ உடனடியாகத் திரும்பப் பெறப்படுகிறது. நடந்ததற்கு நிலையம் வருந்துகிறது. மேலும், புகார் நாளன்று கோட்டு அணிந்திருந்தமையால் தங்கள் மார்க் ஏழில் இருந்து இருபத்தேழாக உயர்த்தப்பட்டுள்ளது. கீழே பச்சை முத்திரை.

"அக்கா! வருந்தறாங்க! ஜெயிச்சுட்டோம்!"

போனை எடுத்தேன். முதல் பக்கத்தைப் படம் பிடித்தேன். குடும்பக் குழுவைத் திறந்தேன். அனுப்பும் பொத்தானுக்கு மேல் கட்டைவிரல் போனது.

அக்கா காஜாவில் இருந்து நிமிராமலே கேட்டாள். "கம்பவுண்டர், எத்தனை பக்கம்?"

"நாலு."

"எத்தனை படிச்ச?"

கட்டைவிரல் நின்றது. தாளைத் திருப்பினேன். இரண்டாம் பக்கம் நிலையத்தின் வளர்ச்சி. மூன்றாம் பக்கமும் அதேதான். நான்காம் பக்கத்தின் அடியில், எறும்பு அளவு எழுத்தில் ஒரு வரி:

'குறிப்பு: இது மாதிரிக் கடிதம் மட்டுமே. உண்மைக் கடிதம் உள்ளடக்கப் பிரிவில் பணியிடம் நிரப்பப்பட்ட பின் அனுப்பப்படும்.'

அக்கா சிரித்ததில் ஊசி கீழே விழுந்தது. தேடி எடுத்துக் கொடுத்தேன். அன்றைய மாத்திரையையும் தண்ணீரையும் எடுத்துக் கொடுத்தேன். விழுங்கிவிட்டு, "தாள் கெட்டியா இருக்கே. வீணாக்காத," என்றாள்.

நல்ல தாள்தான். நான்கு பக்கத்தையும் ஒட்டி, கோட்டின் முன்பக்கத்துக்குப் புதிதாக ஒரு பேட்டர்ன் வெட்டினேன். துணியை அடுக்கி அதன்மேல் வைத்தேன். கத்தரியை எடுத்தவன் நிறுத்தி, ஒரு தடவை பார்த்தேன். பிறகு அக்காவைக் கூப்பிட்டு அவளையும் பார்க்கச் சொன்னேன்.

முத்திரை உள்ள பக்கம் அடியில், பேட்டர்ன் மறுபடியும் குப்புறக் கிடந்தது.

"திருப்பிப் போடுடா," என்றாள் அக்கா.